மேற்கே ஒரு பதவி

வண்டியிலிருந்து இறங்கி வாசல் கதவைத் தள்ளும்போதே சமையலறையிலிருந்து தேபோராவின் சிரிப்பு கேட்டது. சைலஸ் ஹார்வுட் அப்படியே நின்றுவிட்டார். மனைவி இப்படி வாய்விட்டுச் சிரிப்பாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. வாஷிங்டனில் காங்கிரஸ் சபை கூடியிருந்த குளிர்காலம் முழுவதும், புகை அடைந்த விடுதி அறையில் கட்டிலை இன்னொரு உறுப்பினரோடு பங்குபோட்டுக்கொண்டு, இந்தச் சமையலறையை நினைத்தே அவர் காலம் தள்ளியிருந்தார்.

உள்ளே, அடுப்பருகே அவருடைய நாற்காலியில் லெவி பாரிஷ் உட்கார்ந்திருந்தான். தேர்தலில் ஜெயித்து மார்ஷ்பரியை விட்டுப் புறப்பட்டபோது தன் வக்கீல் தொழிலை அவனிடம்தான் ஒப்படைத்துப் போயிருந்தார். முப்பது வயது, கல்யாணமாகாதவன்.

"வாங்க ஐயா!" என்று துள்ளி எழுந்தான். "நம்ம நீதிபதி தூங்கின கதையைச் சொல்லிட்டிருந்தேன்."

"சாட்சி சொல்ல வந்த ஆளு, அவரு முழிச்சுக்கக் கூடாதேன்னு குசுகுசுன்னு பேசினானாம்!" தேபோரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான், "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

ஊரிலும் அதே கதைதான். வாஷிங்டன் எப்படி இருக்கிறது என்று மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்பார்கள். மறுகணமே பேச்சு லெவிக்குத் தாவிவிடும். விதவை ஹன்னா கோர்ஹாமின் எல்லைத் தகராறு, வாஷிங்டன் போகுமுன் சைலஸ் தொடுத்த வழக்கு. தானே வந்து வாதாடுவதாகச் சொன்னார்.

"கோச்சுக்காதீங்க," என்றாள் ஹன்னா. "லெவி தம்பியே பேசட்டும். நீங்க பேசினா நல்லாத்தான் இருக்கும், எனக்குத்தான் ஒண்ணும் புரியாது."

நீதிமன்றத்தின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். பத்திரத்தைவிடக் கல்சுவர் பழையது, அதனால் சுவரே எல்லை என்ற வாதம் அவர் யோசித்துக் கட்டியது. அதையே லெவி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவதுபோலச் சொன்னான். ஜூரிகள் தலையாட்டினார்கள். காங்கிரஸில் சைலஸ் ஒரே ஒரு முறை பேச எழுந்திருந்தார். அப்போது பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள், மீதிப் பேர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வழக்கு ஜெயித்ததும் ஹன்னா லெவியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். சைலஸின் நெஞ்சுக்குள் ஏதோ புளித்துப் பொங்கியது.

மேற்கே வெகுதூரத்தில், இன்னும் காடாகவே கிடந்த இண்டியானா பிரதேசத்தில் ஒரு நீதிபதி பதவி காலியாக இருந்தது. போக யாரும் முன்வரவில்லை. சைலஸ் வாஷிங்டனில் தெரிந்தவர்களுக்கெல்லாம் லெவியின் திறமையைப் புகழ்ந்து எழுதினார். புகழ்ந்ததில் பொய் இல்லை, அதுதான் அவருக்கு வசதியாக இருந்தது. இலையுதிர் காலத்தில் நியமனம் வந்தது. ஊரே கூடிக் கொண்டாடியது. "பெத்த அப்பன்கூட இவ்வளவு செய்யமாட்டான்," என்று சொல்லிச் சொல்லி அவர் தோளைத் தட்டினார்கள்.

தேபோரா மட்டும் ஆப்பிள் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அங்க காய்ச்சல்ல பாதிப் பேர் செத்துப்போயிடறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எல்லாருக்குமா வருது? நீதிபதி பதவிடி. அவன் வயசுல எனக்கு யாரு குடுத்தா?"

"லெவி இதைக் கேட்டாரா?"

சைலஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்றிலிருந்து வீட்டில் தேவைக்கு மேல் பேச்சு இல்லை.

புறப்படும் நாளில் காற்று ஊசியாய்க் குத்தியது. வண்டியில் ஏறி உட்கார்ந்த லெவி குனிந்து, "உங்களை எப்பவும் மறக்கமாட்டேன் ஐயா," என்றான். அவன் உதடு நடுங்கியது குளிராலா, பயத்தாலா என்று தெரியவில்லை. இறங்கிவிடு என்ற சொல் சைலஸின் தொண்டை வரை வந்தது. சுற்றி ஊரே நின்றது. வாஷிங்டனில் தைத்த தன் நீல மேலங்கியைக் கழற்றி அவன் தோளில் போர்த்தினார். கூட்டம் கைதட்டியது.

வண்டி மேட்டில் ஏறியது. தூரத்திலிருந்து பார்க்க, அந்த நீல அங்கியில் போய்க்கொண்டிருப்பது சைலஸ் ஹார்வுட் மாதிரியே இருந்தது. வெறும் சட்டையோடு அவர் நடுங்கிக்கொண்டு நின்றார். கூட்டம் கலைந்து, பாதை காலியான பிறகும் தேபோரா கையசைத்துக்கொண்டே இருந்தாள்.