புதுநன்மைக்கு முந்தைய நாள்

கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் புதுநன்மைக்குத் தயார்செய்யும் ஞானோபதேச வகுப்பிலிருந்து மரியபுஷ்பத்தை இந்த வருஷமும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா இன்னாசிமேரி ஜவ்வரிசி மில்லில் கிழங்கு உரித்த கையைக்கூடக் கழுவாமல் பங்குச் சாமியாரிடம் போய் நின்றாள். வகுப்பு நடத்தும் உபதேசியார் செபஸ்தியானும் அங்கேதான் இருந்தார்.

“மந்திரம் ஒண்ணும் வெளங்கலீங்க சாமி. எல்லாம் மூக்குலயே பேசுது. செஞ்ச பாவத்தச் சாமிகிட்டச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாம எப்படிங்க நன்ம குடுக்கறது?” என்றார் உபதேசியார்.

“எனக்கு வெளங்குதுங்களே! நானும் பக்கத்துல முட்டி போட்டு, அவ சொல்றத எடுத்துச் சொல்றேனுங்க.”

சாமியார் சிரித்தார். “அங்க மூணாவது காது ஆகாதும்மா. புள்ளய வரச் சொல்லு. ஆண்டவருக்கு வெளங்கினாப் போதும்.”

ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள் இன்னாசிமேரி. மேலண்ணம் பிளந்து பிறந்த பிள்ளை. பள்ளிக்கூடத்திலும் கடையிலும் சொந்தக்காரர் வீட்டிலும், “என்ன சொல்லுது?” என்று எல்லாரும் தாயைத்தான் கேட்பார்கள். அவளும் சலிக்காமல் சொல்வாள். சில நேரம் பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவாள். நீ இல்லாவிட்டால் இதன் கதி என்ன என்று அடுத்தவர்கள் உச்சுக் கொட்டும்போது அவளுக்கு வயிறு எரியும். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் தாய்மார்கள் தூணோரம் உட்கார்ந்திருந்தார்கள். மரியபுஷ்பம், சாமியார் உட்கார்ந்திருந்த மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே முட்டி போட்டு முணுமுணுத்தாள். “மறுபடி சொல்லும்மா,” என்றார் சாமியார். இவள் சத்தத்தைக் கூட்டினாள். விளங்காதபோது கத்திச் சொல்லித்தானே அவளுக்குப் பழக்கம். மூன்றாம் தடவை கோயில் முழுக்கக் கேட்டது. மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். வரிசையில் ஒரு பிள்ளை சிரித்தது. இன்னாசிமேரி காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் இத்தனை வருஷம் அந்த ஒரு குரலுக்காகவே விழித்திருந்த காது அது. எங்கே பொத்த? பிள்ளை சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கியது.

“எங்கம்மாளுக்கு வாய் அடச்சுப் போவணும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேனுங்க. எப்பவும் எனக்குப் பதிலா அதுவேதான் பேசுது. என்னயப் பேச உடமாட்டேங்குது.”

ஒரு சொல்லும் விளங்காமலேயே சாமியார் ஆசீர்வதித்து அனுப்பினார். பிள்ளை பாரம் இறங்கிய முகத்தோடு எழுந்து வந்தாள். அப்படியொரு நிம்மதியை அந்த முகத்தில் இன்னாசிமேரி பார்த்ததே இல்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

நாளைப் புதுநன்மைக்கு முக்காட்டில் கட்ட வெள்ளை ரிப்பன் வேண்டும். கோயில் வாசலில் மயிலம்மாள் வளையல் கடை போட்டிருந்தாள். மரியபுஷ்பம் கேட்டாள். மயிலம்மாள் வழக்கம்போலத் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

“என்னங்க கேக்குது?”

இன்னாசிமேரி ஓரடி பின்வாங்கினாள். இனிமேல் பிள்ளையே கேட்கட்டும், எத்தனை தடவையானாலும் கேட்கட்டும் என்று நின்றாள். பிள்ளை மறுபடி கேட்டாள். மயிலம்மாள் சிவப்பு ரிப்பனை எடுத்துப் போட்டாள். அப்புறம் கண்ணாடி வளையல். அப்புறம் சீப்பு. பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லித் தள்ளினார்கள்.

“நீ சொல்லும்மா,” என்றாள் பிள்ளை.

சொல்லத்தான் வாயெடுத்தாள் இன்னாசிமேரி. அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை தொண்டையை அடைத்துக்கொண்டது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

மரியபுஷ்பத்தின் முகம் வெளுத்தது. மாதா கோயிலை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு எக்கி நின்று, அம்மாவின் உதடுகளுக்கு நடுவே விரலை விட்டு, வாயைத் திறக்கப் பார்த்தாள்.