எறும்புப் பேராசிரியரின் மூக்குக் கண்ணாடி

“அரை நாள் வேலைக்கு முழுக் கண்ணாடி எதுக்குடி?” என்று கடையில் வைத்து அக்கா கேட்டாள். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டங்களை மேசையில் அடுக்கினார். அக்கா ஒரு கேள்வி கேட்டால் பதிலையும் அவளே கையோடு வைத்திருப்பாள் என்பதால் எங்கள் வீட்டில் யாரும் பதில் சொல்லிப் பழகியதில்லை. அவளே ஒன்றை எடுத்து என் மூக்கில் மாட்டிவிட்டாள். கறுப்பு நிறம், தடித்த வட்டச் சட்டம். இதுதான் உறுதி, வயசானாலும் மாற்ற வேண்டாம் என்றாள். எதிரே இருந்த நிலைக்கண்ணாடியைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தலைமையாசிரியர் முகத்தோடுதான் பல்கலைக்கழக நூலகத்துக்குப் பகுதிநேர ஆவணக் காப்பாளராகப் போய்வந்தேன். வேலை காலையில் மட்டும். இடம் நூலகத்தின் அடித்தளம். பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் யாராவது காலமானால், வீட்டில் வைத்துக்கொள்ள இடமில்லாமலும் வீசியெறிய மனம் வராமலும் வீட்டார் தவிக்கிற சாமான்களெல்லாம் பெட்டி பெட்டியாக எங்களிடம் இறங்கிவிடும். துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்க வேண்டும். மெல்லிய தூரிகையால் தூசு தட்ட வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் எழுதி, பருத்தி நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். பேனா அந்த அறைக்குள் வரக்கூடாது, பென்சில்தான்.

உயிரோடு இருக்கிறவர்களிடம் பேசக் கூசுகிற எனக்கு இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்காது. காலமானவர்கள் “என்னம்மா, வாயில கொழுக்கட்டையா?” என்று கேட்பதில்லை.

அங்கே ஒரு பெரிய விதி உண்டு. பெட்டியிலிருந்து எடுத்து வைக்கிற தட்டில் இருப்பது காலமானவருடையது. மேசையில் இருப்பது அலுவலகத்துடையது. நம்முடையது என்று எதுவும் அங்கே இருக்கக்கூடாது. நான் சேர்ந்த புதிதில் தேநீர்க் குடுவையை மேசையில் வைக்க, அது ஒரு வட்டக் கறையைப் போட்டுவிட்டது. நூலகத் தலைவரே இறங்கி வந்து கறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இன்னொரு தடவை என் பொருள் எதையாவது இந்த அறையில் பார்த்தால் மறுநாளிலிருந்து நான் வர வேண்டியதில்லை என்று, கத்தாமல், மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். கத்தியிருந்தால் மறந்திருப்பேன்.

மதியத்துக்கு வேறொருவர். அவரை நான் பார்த்ததே இல்லை. மதிய மணி அடித்ததும் நான் கிளம்பிவிடுவேன், அவர் சாப்பிட்டுவிட்டு வருவார். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு பதவி. கல் ஒன்றின் அடியில் துண்டுச்சீட்டு வைத்துப் பேசிக்கொள்வோம். நான் “காலை” என்று கையெழுத்துப் போடுவேன், அவர் “மதியம்” என்று போடுவார். அவருடைய எழுத்துகள் அணிவகுப்பில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி விறைப்பாக நிற்கும். ஒருமுறை இப்படி எழுதியிருந்தார்: “பென்சில் சீவலை மேசையில் விட்டுப் போக வேண்டாம். நேற்று பூச்சி என்று நினைத்து நாற்காலியில் ஏறிவிட்டேன்.”

இப்படி நாங்கள் இருவரும் முகம் பார்க்காமல் நன்றாகவே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் எறும்புப் பேராசிரியரின் பெட்டிகள் வந்தன.

வாழ்நாள் முழுக்க எறும்புகளையே பார்த்தவர். பெட்டியைத் திறந்தால் எறும்பின் கால், எறும்பின் இடுப்பு, எறும்பு கோபமாக இருக்கும்போது, எறும்பு யோசிக்கும்போது என்று வரைந்து வைத்திருந்தார். இவற்றை வைத்து ஒரு கண்காட்சி நடத்தத் தலைவர் முடிவு செய்தார். கடைசிப் பெட்டியைப் பேராசிரியரின் மனைவியே ஒரு காலை வேளையில் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளை முடி, பெரிய கைப்பை. உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தார், உட்காரும் முன்பே பேச ஆரம்பித்திருந்தார். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. என் பங்கையும் சேர்த்து அவரே பேசிவிட்டார்.

கல்யாணமான புதிதில் சர்க்கரை டப்பாவைத் திறந்தால் உள்ளே கணவர் எறும்புகளுக்கு வீடு கட்டியிருந்த கதையைச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, கணவர் மட்டும் கடைசி வரைக்கும் கண்ணாடியே போடவில்லை என்றார். அதில் அவருக்கு அவ்வளவு கர்வமாம்.

“எறும்பு மீசையில வளைவு எங்க இருக்குன்னு சொல்லுவாரும்மா. ஆனா வாசல்ல நிக்கிறது மச்சினனா தபால்காரரான்னு தெரியாது. தெரியாதுன்னு ஒத்துக்கவும் மாட்டாரு. யாரா இருந்தாலும் ‘வாங்க, உட்காருங்க, டீ சாப்பிடுங்க’ன்னுடுவாரு. எங்க வீட்ல டீ குடிச்சுக் குடிச்சே அந்தத் தபால்காரர் எங்களுக்குச் சொந்தக்காரர் ஆயிட்டாரு.”

நான் சிரித்தேன். சத்தம் வராமல் சிரிக்கிற பழக்கம் எனக்கு. அதனால் எல்லாம் கண்ணீராகத்தான் வரும். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தேன். அதற்குள் மணியடித்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே படியேறினார், நானும் கேட்டுக்கொண்டே பின்னால் போனேன். பேருந்து நிறுத்தத்தில் அவரை ஏற்றிவிட்டு, என் பேருந்து வருகிறதா என்று பார்த்தபோதுதான், வருகிற எல்லாப் பேருந்துக்கும் ஒரே எண் போலத் தெரிந்தது.

கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று யோசித்தேன். மேசையில் இல்லை. தட்டில்.

உடனே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அந்நேரம் மதியம் வந்திருப்பார். முகம் தெரியாத ஒருவர் எதிரில் போய் நின்று, நான்தான் காலை, என் கண்ணாடி தட்டில் இருக்கிறது என்று சொல்வதை நினைத்தாலே நாக்கு உள்ளே போய்விட்டது. நாளைக்கு அவர் வருமுன் எடுத்துக்கொள்ளலாம் என்று, கண்ணை இடுக்கிக்கொண்டு, வேறு ஏதோ பேருந்தில் ஏறி, சுற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் தட்டு காலி. கல்லின் அடியில் சீட்டு இருந்தது. மூக்குக்கு நேரே பிடித்துப் படித்தேன்.

“பேராசிரியரின் மூக்குக் கண்ணாடிக்கு எண் கட்டிவிட்டேன். தலைவர் பார்த்துப் பூரித்துப் போனார். கண்காட்சியின் நடுப்பெட்டியில் வைக்க அவரே எடுத்துப் போயிருக்கிறார். மதியம்.”

அது என்னுடையது என்று பதில் எழுதி வைத்தேன். அதற்கு மறுநாள் வந்த சீட்டில் விறைப்பான எழுத்துகள் கொஞ்சம் தள்ளாடியிருந்தன. பதிவில் ஏறிய பொருளை இறக்கத் தலைவரிடம்தான் போக வேண்டும், போனால் என் வேலை போகும், கேட்காமல் எண் கட்டிய குற்றத்துக்குத் தன் வேலையும் கூடவே போகும் என்று எழுதியிருந்தார். கடைசியில் பொடி எழுத்தில், “தட்டில் இருந்ததால் கட்டினேன். மன்னிக்கவும்” என்று ஒரு வரி. சீட்டின் மேல் அலுவலகத்து உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருந்தது. எனக்காக அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார்.

அதைப் பிடித்துக்கொண்டுதான் பிறகு வேலை செய்தேன். எறும்புகள் யானை அளவுக்குத் தெரிந்தன. மற்றதெல்லாம் பனிமூட்டம். கதவில் மாட்டியிருந்த மழைக்கோட்டுக்கு ஒருநாள் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன்.

வீட்டில் அக்கா கண்ணாடி எங்கே என்று தினமும் கேட்டாள். ஆபீஸில் இருக்கிறது என்றேன். பொய் இல்லை. “நீ மதியமே வந்துடற, அது மட்டும் அங்கேயே தங்கிடுது. உனக்குக் கிடைக்காத முழுநேர வேலை உன் கண்ணாடிக்குக் கிடைச்சிடுச்சு போல” என்றார் அத்தான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கண்காட்சி நெருங்க நெருங்கச் சாப்பாடு இறங்கவில்லை. திறப்பு விழாவுக்குப் பேராசிரியரின் மனைவி வரப்போகிறார். அவர் கணவர் கண்ணாடியே போட்டதில்லை. நடுப்பெட்டியைப் பார்த்த நிமிஷமே “இது யாருது?” என்று அந்த வாய் ஊருக்கே கேட்கும்படி கேட்டுவிடும். அதோடு என் அடித்தளம், என் பருத்தி நூல், என் பேசாத காலை எல்லாம் முடிந்தது.

விழா நாளன்று மேல்மாடிக் கூடம் நிரம்பியிருந்தது. நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். நடுப்பெட்டியில், கறுப்புத் துணியின் மேல், விளக்கு வெளிச்சத்தில், என் கண்ணாடி உட்கார்ந்திருந்தது. அவ்வளவு கௌரவமாக அது என் மூக்கில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பக்கத்தில் அட்டை. ‘எறும்புகளின் உலகை நமக்குக் காட்டிய கண்ணாடி’ என்று அதில் எழுதியிருப்பதாக யாரோ வாய்விட்டுப் படித்ததைக் கேட்டேன். தலைவர் பேச்சில் பாதி நேரம் அந்தக் கண்ணாடியைப் பற்றியேதான் பேசினார். அதன் சட்டத்தைப் பார்த்தாலே ஒரு மேதையின் எளிமை தெரிகிறதாம். அக்கா கேட்டிருக்க வேண்டும்.

தூணுக்குப் பின்னால் எனக்கு முன்பே இன்னொருவர் ஒளிந்திருந்தார். ஒல்லியான, வழுக்கைத் தலைக்காரர். என் கையிலிருந்த உருப்பெருக்கியைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“நீங்கதான் காலையா?”

“ஆமா.”

“நான் மதியம்.” தூணுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, “அந்தம்மா வந்தாச்சு” என்றார்.

ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு, ஓயாமல் பேசிக்கொண்டு அவர் வந்தார். எறும்பு பிடித்த டப்பாவைக் காட்டி, இது என் பவுடர் டப்பா, இத்தனை வருஷமாகத் தேடுகிறேன் என்றார். கூட்டம் சிரித்தது. கடைசியில் தானப் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரைக்கும் பொருளெல்லாம் குடும்பத்துடையது, போட்ட பிறகுதான் பல்கலைக்கழகத்துடையது. பத்திரமும் பேனாவும் ஒரு மேசையில் தயாராக இருந்தன.

நடுப்பெட்டிக்கு வந்தார். பேச்சு நின்றது.

“இதைப் பார்த்தா அவரே நம்மளைப் பார்க்கிற மாதிரி இருக்கு, இல்லையாம்மா?” என்றார் தலைவர்.

அந்தம்மா தலையை நிமிர்த்திக் கூட்டத்தைச் சுற்றிலும் பார்த்தார் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெள்ளைத் திட்டு மெதுவாகத் திரும்பியது மட்டும்தான். அது தூணின் பக்கம் வந்து நின்றது. நான் கண்ணை இடுக்கினேன். அது என்னைப் பார்க்கிறதா, கோபமா, ஒன்றும் புரியவில்லை. மதியம் என் பக்கத்தில் மூச்சை நிறுத்திவிட்டார்.

“இதை மட்டும் நான் எடுத்துக்கறேன்” என்றது வெள்ளைத் திட்டு.

தலைவர் பதறிப்போனார். இந்தக் கண்காட்சியின் உயிரே அதுதான் என்றார், வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார், எறும்பு வீட்டைத் தருவதாகக்கூடச் சொன்னார்.

“கையெழுத்து இன்னும் போடலையே” என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, “பாவம், இது இல்லாம கண்ணு தெரியாது” என்றார்.

போனவரை நினைத்துத்தான் சொல்கிறார் என்றே தலைவர் எடுத்துக்கொண்டார். முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பூட்டைத் திறந்து, கண்ணாடியை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார் தலைவர். அந்தம்மா அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

மதியம் விட்ட பெருமூச்சில் என் தலைமுடி அசைந்தது. நான் அதற்கு மேல் நிற்கவில்லை. கைப்பிடிச்சுவரைத் தடவிக்கொண்டே அடித்தளத்துக்கு ஓடிவிட்டேன்.

சற்று நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளைத் திட்டு உள்ளே வந்தது. எழுந்து நின்றேன். என்னென்னவோ சொல்ல வேண்டியிருந்தது. “அம்மா, நான்...” என்பதோடு வழக்கம்போல நாக்கு உள்ளே போய்விட்டது.

அவர் கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்தார். வாயால் ஊதி, கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைத்தார். தட்டைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். இரண்டிலும் வைக்கவில்லை. நேராக என் மூக்கில் மாட்டிவிட்டார்.

எல்லாம் தெளிந்தது. காதோரம் பருத்தி நூலில் எண் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. எதிரே அவர் முகம். சிரிப்பு வெளியே வந்துவிடாதபடி உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். கண் மட்டும் நனைந்திருந்தது. என்னை மாதிரியே அவரும் சத்தமில்லாமல் சிரிக்கிற ஆள் என்று அப்போதுதான் தெரிந்தது. அட்டையை ஒரு விரலால் சுண்டி ஆடவிட்டார். அவ்வளவு பேசுகிறவர், திரும்பி, ஒரு வார்த்தை இல்லாமல் படியேறிப் போனார்.