சிலுவை சர்வ்

எண்பத்தொன்பது கலவர நாட்களில் மாத்தளையில் பொழுது சாய்ந்தால் வெளியே தலை காட்ட முடியாது. ஆகவே எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் டேபிள் டென்னிஸ் பகலிலேயே நடந்தது. நான் எல்கடுவ தோட்டத்துக் கிளாக்கர் ரபாயேல். ஸ்கோர் சொல்பவள் என் மனைவி மார்ஜரி. மைக்கைப் பிடித்தால் அவள் குரல் தேன்.

அந்தத் தேன் முழுவதும் ரவூபுக்கே போனது.

ரவூப் யட்டவத்தயில் மிளகு வியாபாரம் செய்பவன். அவனுடைய ஸ்பின் சர்வ் மேசையில் விழுந்து, சற்று யோசித்து, வந்த வழியே திரும்பிவிடும். ஒரு சனிக்கிழமை திடீரென்று ஊரடங்கு என்றார்கள். ஆட்டத்தைப் பாதியில் விட்டு ஓடினோம். திங்கட்கிழமை கதவைத் திறந்தால், பந்து மூலையில் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. சாட்சிக்குக் கோயில் காவல்காரர் செல்லச்சாமி இருந்தார். இப்போது உயிரோடு இல்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்கோரைத்தான் பொறுக்க முடியவில்லை. "ரவூப் நானா பதினாலு!" என்று அண்ணன் முறை வைத்து மார்ஜரி இழுத்துப் பாடுவாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "இவங்க ஒம்பது" என்பாள். கட்டியவன் பெயரைச் சொல்ல மாட்டாளாம். அவள் தாயாரும் சொன்னதில்லையாம்.

ஆனால் கோயில் பெருநாள் போட்டியில் ஜெயித்தவரின் பெயரை மைக்கில் அறிவித்தே ஆக வேண்டும். கப் யாருக்கு வேண்டும்? எனக்கு என் பெயர் வேண்டும், அதுவும் அவள் வாயால்.

பந்தைத் தூக்கிப் போட்டதும் ரவூப் உதட்டுக்குள் எதையோ முணுமுணுப்பதைக் கண்டுபிடித்தேன்.

"என்னடா ஓதுற?"

"ஓதலியே மச்சான். 'மணிக்கட்ட மடக்கு, மணிக்கட்ட மடக்கு'ன்னு எனக்கே சொல்லிக்கிறேன்."

யார் நம்புவார்? ஒளிக்கிறான். அவனுக்கு ஒரு ஜெபம் இருந்தால் எனக்கும் ஒன்று இருக்கிறது.

ஆனால் எங்களுடையது நீளம். பந்து காற்றில் இருக்கும்போதே, மட்டை பிடித்த கையால் சிலுவை போட்டு முடிக்க வேண்டும். நெற்றியில் பிதா, நெஞ்சில் சுதன் என்பதற்குள் பந்து மூக்கில் விழுந்துவிடும். கடைசியில் பந்தை உத்தரம் வரை எறிந்தேன். "பரிசுத்த ஆவி" என்று மட்டை இடது தோளிலிருந்து வலது தோளுக்குப் பாய்ந்தபோது பந்து இறங்கியது. மட்டை அதைச் சீவிவிட்டது. வலையைத் தாண்டி வளைந்த பந்து வாசலால் வெளியே போய் ஜன்னலால் உள்ளே வந்தது.

இறுதி ஆட்டம் எனக்கும் ரவூபுக்கும். இருபதில் சமம். ரவூபின் சர்வ் வலையில் மாட்டியது. அடுத்த சர்வ் என்னுடையது. பந்தை எறிந்து நான் நெற்றியைத் தொடவும், நடுவராக இருந்த ஃபாதரைப் பார்த்து ரவூப் கத்தினான்.

"ஃபாதர், ஆட்டத்துக்கு நடுவுல ஜெபம் பண்ணலாமா?"

"ஜெபம் பண்றவன நான் எப்படிப்பா தடுக்கிறது?"

அவர்கள் பேசி முடித்த பிறகுதான் பந்து இறங்கியது. அவ்வளவு உயரம் எறிந்திருந்தேன். ரவூப் ஒரு பக்கம் பாய்ந்தான், பந்து மறுபக்கம் போனது.

மண்டபமே எழுந்து நின்றது. நான் தலையை வாரிக்கொண்டு மைக்கைப் பார்த்தேன். மார்ஜரியின் முகம் சிவந்தது. தலைப்பு வாய்க்குப் போனது, இறங்கியது, மறுபடியும் போனது.

"இந்த வருசக் கப்பு..."

மூச்சை இழுத்தாள்.

"ரவூப் நானா தோத்துட்டாங்க!"

அதையும் தேனாகத்தான் சொன்னாள்.