மிச்ச மாத்திரை

மூன்று நாள் மருந்து உள்ளே போன பிறகும் மாலிஸின் ரத்தத்தில் மலேரியாக் கிருமி நெளிந்துகொண்டிருந்தது. கம்போடியாவின் பைலின் மலையடிவாரச் சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்க்கும் கோலாப், நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தாள். மாலிஸ் அவளுடைய அண்ணன் மகள். ஆறு வயது. உடம்பு அடுப்பாய்க் கொதித்தது.

"போன மாசம் உனக்குக் குடுத்த மாத்திரைய முழுசா தின்னியாண்ணே?"

அண்ணன் பியருன் சுவரைப் பார்த்தான். "மறுநாளே காய்ச்சல் விட்டுருச்சு. மிச்சத்த கூட வேல செய்யுற சோவனுக்குக் குடுத்தேன். காட்டுல மரம் வெட்டப் போனா சோறு, மருந்து எல்லாமே பங்குதான். அது ஒரு குத்தமா?"

"குத்தந்தான்! மருந்துக்குச் சாகுற கிருமியெல்லாம் செத்துச்சு. பொறவியிலயே அதத் தாங்குறது நாலு இருந்திருக்கும். முழுசா தின்னிருந்தா அதுங்களையும் அமுக்கியிருக்கலாம். நீ பாதியில விட்ட. போட்டிக்கு ஆளில்லாம அதுங்க பெத்துப் பெருகிருச்சு. கொசு அதைத்தான் உன் மக ஒடம்புல கொண்டாந்து விட்டுருக்கு."

"அடேங்கப்பா, கிருமிக்கும் புத்தி வந்துருச்சா?"

கோலாபுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புத்தியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. சாகுறது சாகுது, சாகாதது பெருகுது. சலிச்சுப் பொறுக்கிக் குடுத்தது நீதான்!"

"படிச்ச திமிரு, பேசுறா பாரு" என்றான். குரலில் தெம்பில்லை.

மாவட்ட மருத்துவமனையிலிருந்து வேறு மருந்து வந்தது. இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கி, கருவாட்டோடு கஞ்சி வேண்டும் என்று மாலிஸ் அடம்பிடித்தாள். மூன்றாம் நாள் மாத்திரைக்காகத் தண்ணீரோடு வந்தாள் கோலாப். உறை காலியாக இருந்தது. பியருனின் கை சட்டைப் பையை மூடியிருந்தது.

"எடு."

"சோவன் மகளுக்கும் காய்ச்சலாம்டி. இவதான் கஞ்சி கேக்குறாளே, ஒரு வேளைதான..."

பையைப் பிடித்து இழுத்தாள். பொத்தான் தெறித்து விழுந்தது. "உன் நல்ல மனசுல இடி விழ! பெத்த மகளையே பலி குடுத்துத் தானம் பண்ணுவியா? சோவன் மகள இங்க தூக்கிட்டு வரச் சொல்லு. ரத்தம் பாத்து அவளுக்கு முழு மருந்தும் நான் தர்றேன். ஓடு!"

அவன் தயங்கி நின்றான். பிறகு செருப்பைத் தேடாமலே வெளியே ஓடினான்.

பையிலிருந்து பிடுங்கிய மாத்திரையைக் கோலாப் நசுக்கிக் கரண்டியில் கரைத்தாள். கசப்பில் மாலிஸ் கத்தி உதறினாள். தொண்டை அசையும்வரை அந்தத் தாடையிலிருந்து கோலாப் கையை எடுக்கவில்லை.