ஒரே குழாயில் இரண்டு

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. வெளியே விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. மருத்துவமனையின் கீழ்த்தளக் கணினி வலையமைப்புச் சுவிட்ச் அறையில், பிடுங்கிய கேபிள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிய கட்டடத்தில் சோதனைக்காக இணைத்திருந்த இதயத்துடிப்புக் கோடுகள் தடையின்றி ஓடின. பழைய கட்டடத்துக்கும் புதியதற்கும் நடுவே இரண்டு கேபிள்களை இணைத்து, இருபுறத்துச் சுவிட்சுகளும் அவற்றை ஒரே பாதையாகக் கருதும்படி அமைத்தவள் அவள்தான். ஒன்று அறுந்தால் மற்றது சுமையை ஏற்கும். இரண்டும் அறுந்தால், புதிய கட்டடத்துப் படுக்கையில் ஒருவருக்கு மூச்சு முட்டுவது பழைய கட்டடத்தில் திரையைக் கண்காணிக்கும் செவிலியருக்குத் தெரியவே தெரியாது.

“பாஸாயிடுச்சுல்ல? கையெழுத்தப் போடு, கிளம்பலாம்,” என்றார் அத்தான். அக்காவின் கணவர்; ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் முதலாளி; அவள் குடியிருக்கும் மாடி அறையின் சொந்தக்காரர். மூன்று பேரும் ஒரே குரலில் பேசினார்கள்.

அவள் கேபிளை மீண்டும் செருகினாள். ஒரு கேபிள் முற்றத்துக்கு அடியிலும் இன்னொன்று கூரை வழியாகவும் செல்ல வேண்டும் என்பது அவள் வரைந்த திட்டம். காலையில் முற்றத்து மூடியைத் தூக்கிப் பார்த்தபோது, மஞ்சள் கேபிளும் நீலக் கேபிளும் ஒரே குழாய்க்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அடுத்த வாரம் அந்த முற்றத்தில்தான் லிப்டுக்குக் குழி தோண்டப் போகிறார்கள்.

“ரெண்டும் ஒரே பைப்ல போகுது, அத்தான்.”

“போகட்டுமே. ஒண்ணுக்கொண்ணு துணை.”

“குழி தோண்டுறவரு ஒண்ண மட்டும் பாத்து வெட்டுவாரா?”

“கூரை மேல இழுக்கணும்னா இன்னும் பத்து நாளாகும். நாளைக்குத் திறப்பு விழா. மூளை இருக்கா உனக்கு?”

“இருக்கு. அதனாலதான் கேக்கறேன்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். அவர் கத்துவதைவிட அது மோசம். “கையெழுத்து போடலேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராத. மாடியையும் காலி பண்ணிடு. அக்காகிட்ட நீயே சொல்லிக்கோ.”

“காலைலயே சொல்லிட்டேன். ‘அவரு கத்துவாரு, காதப் பொத்திக்கோ’ன்னா.”

அத்தான் சோதனைச் சான்றிதழ்த் தாளை அவள் கையில் திணித்தார்.

அப்போது தலைமைச் செவிலியர் குடையை மடக்கியபடி உள்ளே வந்தார். அத்தானின் முகத்தில் நொடியில் புன்னகை ஏறியது. “எல்லாம் பச்சை லைட்டுதான் மேடம். பேப்பர் மட்டும் பாக்கி.”

“குடுங்க, வார்டுல தலைக்கு மேல வேலை இருக்கு,” என்றார் செவிலியர்.

அவள் தாளைச் சுவிட்ச் பெட்டியின் மேல் வைத்தாள். அதில் இரண்டு கட்டங்கள்: ஏற்பு, மறுப்பு. மாத வாடகைக்கு அறை தேடுவது, பெட்டிகளைப் படியிறக்குவது எல்லாம் ஒரு கணம் கண்முன் வந்து போயின. இரண்டாவது கட்டத்தில் குறியிட்டாள். காரணத்தை ஒரே வரியில், எழுத்துக்கு எழுத்து இடம்விட்டு எழுதினாள். கையெழுத்தைச் சுருக்காமல் முழுப் பெயராகவே இட்டாள்.

“இங்க குடு, நான் பாத்துட்டுத் தர்றேன்,” என்று அத்தான் கையை நீட்டினார்.

நீட்டிய அந்தக் கைக்கு மேலாகத் தாள் சென்றது. தலைமைச் செவிலியர் ஈரக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதை இரு கைகளாலும் வாங்கினார்.