கொக்கி இல்லாத உறை

என் அண்ணன் கிசபுரோ வாள் உறை செய்பவன். உறையில் பொருத்தும் கொம்புச் சாமான்களைச் செய்வது நான். எருமைக் கொம்பைச் சூடுகாட்டி அறுக்கும்போது எழும் நாற்றத்தால் எங்கள் கடையைத் தாண்டுகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள். முப்பத்தொரு வயதாகியும் எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு அந்த நாற்றம்தான் காரணம் என்பான் அண்ணன். என் வாய்தான் காரணம் என்று தெருவில் சொல்வார்கள்.

அந்த வருஷம் ஹொரிகோமே என்ற சாமுராய்க்குக் கோட்டையில் பதவி உயர்ந்தது. பழைய வாளுக்குப் புது உறை வேண்டும் என்று தன் வேலைக்காரர் மொசுகேயிடம் வாளைக் கொடுத்தனுப்பினார். அலகுக்கும் பிடிக்கும் நடுவே இருக்கும் கைக்காப்புத் தகடு புதிது. முழுக்கத் தங்கப் பூ வேலை. அதில் ஒரு துளைகூட இல்லை. உறையின் பக்கத்தில் செருகும் சின்னக் கத்தியின் பிடி வெளியே வர அந்தத் தகட்டில்தான் துளை விடுவார்கள்.

"சின்னக் கத்திக்கு இடம் வேண்டாமாம். கொக்கியும் வேண்டாமாம்," என்றார் மொசுகே.

"கொக்கி வேண்டாமா? வாளை உருவுறப்ப உறையும் கூடவே வருமே!"

"நான் சொல்லாமலா இருப்பேன்? வழவழன்னு ஒரே கறுப்பா இருக்கணுமாம். எதுவும் துருத்திக்கிட்டு நிக்கக் கூடாதாம். நீ வேணா வந்து சொல்லு ஓகிவா. உன் வாய்க்குப் பயந்தாவது கேக்கட்டும்."

உறை இடுப்புக் கச்சையிலிருந்து கீழே நழுவாமல் பிடிப்பது கயிறு கோக்கும் குமிழ். மேலே வராமல் கச்சையில் மாட்டி நிற்பது கொக்கி. இரண்டும் கட்டைவிரல் அளவுதான். அண்ணன் இரண்டு முறை அவர் வீட்டு வாசலுக்குப் போய் இதை எடுத்துச் சொன்னான். சொன்னதைச் செய் என்று இரண்டு முறையும் திருப்பி அனுப்பினார்கள். செய்தான். குமிழை மட்டும் வைத்து, ஒன்பது பூச்சு அரக்கு பூசினான். விரல் வைத்தால் வழுக்கியது.

இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து ஒரு காட்டுப்பன்றி மீன் சந்தைக்குள் புகுந்தது. கூடைகள் பறந்தன. ஹொரிகோமே அப்போது அங்கேதான் இருந்தார். எல்லாரும் பார்க்க முன்னால் போய் வாளை உருவினார். கச்சையிலிருந்து உறையோடு சேர்ந்து வந்தது வாள். அதைக் கையில் தடி மாதிரி பிடித்துக்கொண்டு அவர் நிற்க, மொசுகே குறுக்கே பாய்ந்து எஜமானைத் தள்ளிவிட்டார். பன்றி மொசுகேயின் தொடையைக் கிழித்துவிட்டு ஓடியது. மீன்காரிகள் சிரித்தார்கள். ரத்தத்தைப் பார்க்கும் முன் சிரித்துவிட்டார்கள், பாவம்.

மறுநாளே எங்கள் வாசலில் அதிகாரி நின்றார். உறை செய்பவன் கொக்கி வைக்க மறந்துவிட்டான் என்று ஹொரிகோமே எழுதிக் கொடுத்திருந்தார். முப்பது நாள் கைவிலங்கு என்று தீர்ப்பு. வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் விலங்கின் மேல் ஒட்டிய முத்திரைக் காகிதம் கிழியக் கூடாது.

நான் அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டினேன், மூக்கைத் துடைத்துவிட்டேன். அரக்குக் கத்தி பிடித்த கை மடியில் செத்த பறவைபோல் கிடந்தது. "போகட்டும் விடு," என்றான். அதைக் கேட்டபோது எனக்கு அவன் மேலேயே கோபம் வந்தது. அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். தங்கை சொல் சாட்சி ஆகாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அங்கிருந்து நேராக வைத்தியர் வீட்டுக்குப் போனேன். மொசுகே பின்கட்டில் கட்டோடு படுத்திருந்தார்.

"வேண்டாம் ஓகிவா. இருபத்திரண்டு வருஷம் அவர் சோத்தைத் தின்னவன் நான்," என்றார், நான் வாயைத் திறக்கும் முன்பே.

"பன்னி கிழிச்சது யார் தொடைய? அவரு தொடையவா, உங்க தொடையவா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எத்தனை தடவை உங்களைப் பாக்க வந்தாரு?"

"ஆள்கூட அனுப்பல," என்றார். "நான் எந்திரிச்சா பழையபடி நடப்பேனான்னுகூடக் கேக்கல. அந்த உறையில கீறல் விழுந்துச்சேன்னுதான் வருத்தமாம். வைத்தியர் சொன்னாரு."

"அப்ப எந்திரிங்க."

"எப்படி எந்திரிக்கிறது, பைத்தியமே? வண்டி கொண்டா!"

முள்ளங்கிக்காரனின் கைவண்டியில் அவரை ஏற்றி நானே தள்ளிக்கொண்டு போனேன். அதிகாரி முன்னால் மொசுகே படுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். கொக்கி வேண்டாம் என்ற உத்தரவைக் கொண்டுவந்தவர் அவர்தான்; கிசபுரோ இரண்டு முறை வந்தபோது எஜமான் சொல்படி வாசலில் மறித்தவரும் அவர்தான். எழுதிக்கொண்டிருந்தவனின் தூரிகை பாதியில் நின்றுவிட்டது.

பதினான்காம் நாள் விலங்கைக் கழற்றினார்கள். 'பேச்சில் நேர்ந்த குழப்பம்' என்று பதிவு செய்தார்கள். யார் பேச்சில் என்று எழுதவில்லை.

"ஹொரிகோமே பெரிய மனசு பண்ணி இதை இத்தோட விட்டுட்டார். கும்பிட்டு நன்றி சொல்லிட்டுப் போங்க," என்றார் அதிகாரி.

அண்ணன் குனிந்தான். நான் குனியவில்லை என்று கண்டதும், விலங்குத் தழும்பு மாறாத கையால் என் தலையைப் பிடித்து அழுத்தினான். கோரைப்பாய் நெற்றியில் பதிந்தது. அது அண்ணன் கை என்பதால்தான் தலையை நிமிர்த்தவில்லை.

ஹொரிகோமே பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்றார்கள். அவருக்கான தண்டனை அவ்வளவுதான். மொசுகேயை அவர் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்.

"நம்ம வீட்டுல இருக்கட்டும். உட்கார்ந்தபடியே கொம்பைத் தேய்க்கலாம்," என்றான் அண்ணன். அவன் சொல்லாவிட்டாலும் நான் அழைத்து வந்திருப்பேன்.

பட்டப்பகலில் மொசுகேயை ஏற்றிய வண்டியை ஹொரிகோமே வீட்டு வாசலில் நிறுத்தினேன். கதவு சாத்தியிருந்தது.

"மொசுகேயோட மெத்தையும் சோத்துக் கிண்ணமும் உள்ள இருக்கு! குடுங்க! குடுக்குற வரைக்கும் இங்கேயேதான் நிப்பேன்!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"மெதுவா, மெதுவா," என்றார் மொசுகே. நான் மெதுவாகக் கத்தவில்லை. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

பக்கக் கதவு திறந்தது. வந்தவர் ஹொரிகோமே இல்லை, அவர் மனைவி. மூட்டையைத் தானே சுமந்து வந்து வண்டியில் வைத்தார். மொசுகேயைப் பார்த்துக் குனிந்தார். பிறகு என்னைப் பார்த்தும், கொம்பு நாற்றமடிக்கும் என்னைப் பார்த்தும், இடுப்பு மடியக் குனிந்தார்.

அந்த அம்மாள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இருந்தாலும் நான் பதிலுக்குக் குனியவில்லை. வண்டியின் கட்டையைத் தூக்கி, தள்ளிக்கொண்டு நடந்தேன்.