ஹயாமிசுவின் காது

ஸ்பீக்கர் கேபிள் விஷயத்தில் ஹயாமிசு சொன்னால் நான் மறுபேச்சு பேசியதில்லை. அவன் பியானோக்களுக்குச் சுருதி கூட்டிப் பிழைத்தவன். கனசாவா நகரத்தில் அவன் கை படாத பியானோ குறைவு. நானோ பல் டாக்டர்.

"நாள் முழுக்க அந்த டிரில்லோட குடும்பம் நடத்துறே. உன் காது கண்ணாடி மாட்டத்தான்ய்யா லாயக்கு" என்று அவன் சீண்டும்போதெல்லாம் நானும் சேர்ந்து சிரிப்பேன். போகப்போக அதை நம்பவும் செய்தேன். ஒரு கேபிள் எனக்கு எவ்வளவு பிடித்தாலும், அவன் வாயைத் திறக்கும்வரை நான் வாயைத் திறப்பதில்லை.

எங்கள் ஆடியோ ரசிகர் சங்கத்தில் நாங்கள் மாதம் ஒருவர் வீட்டுக்குப் போய், அவர் கட்டிவைத்திருக்கும் ஆடியோ சிஸ்டத்தைக் கேட்டு அபிப்பிராயம் சொல்வோம். முதல் வார்த்தை எப்போதும் ஹயாமிசுவுடையது. அவன் முகம் சுளித்தால் அந்த வீட்டுக்காரர் ஒரு வருஷத்துக்குத் தலைநிமிர முடியாது. அந்த ஞாயிறு மதியம், என் புது ஸ்பீக்கர்களைக் கேட்க வருவதாக இருந்தார்கள்.

ஒவ்வொரு ஸ்பீக்கரின் தலையிலும் ஒரு குட்டி ஸ்பீக்கர் வைத்திருந்தேன். மிக மெல்லிய மேல் ஒலிகளுக்கு மட்டுமே அது. அதற்குச் செம்புக் கேபிளா, வெள்ளியா என்பதுதான் பாக்கி. காலையிலேயே ஹயாமிசுவை வரவழைத்தேன்.

செம்பைக் கேட்டு "பரவாயில்லை" என்றான். நான் பின்னால் மண்டியிட்டு அதைக் கழற்றினேன். அதற்குள் சங்கத் தலைவர் இனோகுச்சியிடமிருந்து போன். வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டார். பேசிவிட்டு வந்து அதே இசைத்தட்டைப் போட்டு உட்கார்ந்தேன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிரம்ஸ் வாசிப்பவனின் சிம்பல் ஒலியில் பாதியைக் காணோம்.

"இதுதான்ய்யா வெள்ளி!" ஹயாமிசு தொடையில் தட்டினான். "அந்தச் சிம்பலைக் கேளு. என்ன ஒரு பளபளப்பு!"

வெள்ளிக் கேபிள் தரையில் சுருண்டு கிடந்தது. போன் வந்ததில் நான் அதை மாட்டவே இல்லை; குட்டி ஸ்பீக்கர்கள் ஊமையாக இருந்தன. எடுத்து அவன் முன்னால் நீட்டினேன்.

"எதைச் சொல்றே, இதையா?"

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்து போய் இசைத்தட்டை நிறுத்தினான்.

"மேல் ஸ்வரம் எதுவும் எனக்குக் கேட்கிறதில்லை, கனமோரி. தொழிலை விட்டதே அதனாலதான்."

"அது ஆகி எத்தனையோ வருஷமாச்சே! அப்போ இத்தனை கேபிளையும் எப்படிய்யா பொறுக்கினே?"

"உன் முகத்தைப் பார்த்து. பிடிச்சுப்போனா உன் புருவம் மேலே ஏறும். இப்பவும் ஏறிச்சு."

ஏறியிருக்கும். அதிர்ச்சியில்.

"எனக்குக் கேட்டதையே எனக்குத் திருப்பிச் சொல்லி, இத்தனை வருஷமா என் காதுல பூ சுத்தியிருக்கே. சரி, அந்த டிரில் கிண்டல் எதுக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீ உன் காதை நம்பிட்டா, அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிடப்போறே?"

காது போனதை மட்டும் ஒளித்தான் என்றால் நான் தோளில் கை போட்டிருப்பேன். ஆனால் சங்கத்தில் தன் இடம் போகாமல் இருக்க என் காதை அல்லவா மட்டம் தட்டி வைத்திருக்கிறான்! அதற்கு நானே சிரித்துத் தாளம் போட்டிருக்கிறேன்.

"சங்கத்துல சொல்லிடாதே. அந்த முதல் வார்த்தை ஒண்ணுதான் எனக்கு மிச்சம்" என்றான்.

இரண்டு கேபிளையும் மாற்றி மாற்றி மாட்டி நானே கேட்டேன். செம்புதான் நன்றாக இருந்தது. அதையே விட்டுவைத்தேன்.

மதியம் எல்லோரும் வந்தார்கள். தேநீர் குடித்தார்கள், இசைத்தட்டு முழுவதையும் அசையாமல் கேட்டார்கள். முடிந்ததும் இனோகுச்சி வழக்கம்போலத் திரும்பினார்.

"ஹயாமிசு-சான், நீங்க சொல்லுங்க. எப்படி இருக்கு?"

அறையே அவனைப் பார்த்தது. அவன் பாதி மூடிய கண்களால் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை ஏதோ ஞானம் என்று நினைத்திருந்தேனே.

நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ஹயாமிசு-சான்?" என்றார் இனோகுச்சி மறுபடியும்.